மழைக்கு முன் கோழிக்கூட்டைப் பாருங்கள்

(நம் சங்கத்தின் புரட்டாசி மாதக் கூட்டத்தில், கால்நடை மருந்தகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் குடியிருப்புவாசி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

ஸ்ரீவில்லிபுத்தூர்க் குடியிருப்பிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறவர்களுக்குத் தனி வணக்கம். அங்கேயும் இதே பஞ்சாயத்து ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன்.

போன கூட்டத்தில், பின்பக்கக் கோழிக்கூட்டை எடுத்துவிட வேண்டும் என்று பேச்சு வந்தது. நாற்றம் முதல் மாடி வரைக்கும் வருகிறது என்றார்கள். வருகிறது, பொய்யில்லை. கோழி வைத்திருக்கிற மூன்று வீட்டுக்கும் தை மாதம் வரை தவணை கொடுத்திருக்கிறோம். நடுவில் இருப்பது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. கூடு அந்த மூன்று மாதத்தைத் தாண்டுகிற விதத்தைப் பார்த்துத்தான் முடிவு. அதனால்தான் என்னைப் பேசச் சொன்னார்கள்.

வளர்ந்த கோழிக்கு நம் ஊர்க் குளிர் பெரிய எதிரி இல்லை. மார்கழி விடியற்காலையில் நாம் மப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போகிறோமே, அப்போதும் இங்கே 20 டிகிரிக்குச் சற்று முன்பின்தான். கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி, நம்மைவிட நாலு டிகிரி கூடுதல். குடிக்கிற தண்ணீர் உறைந்து போகும் நாடுகளிலேயே அது இறகை உப்பிக்கொண்டு சமாளிக்கிறது. இங்கே கோழியைக் கொல்வது ஈரம்.

மழை பிடித்ததும் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? தார்ப்பாயை எடுத்துக் கூட்டை நாலு பக்கமும் பொட்டலம் மாதிரி கட்டிவிடுகிறார்கள். கோழி தின்கிற தீனியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். அதில் பெரும்பகுதி எச்சமாகவும் மூச்சாகவும் கூட்டுக்குள்ளேயே வெளியேறுகிறது. போக வழியில்லாவிட்டால் தார்ப்பாயின் உள்பக்கம் வியர்த்துக் கொட்டும். கீழே எச்சம் ஊறி அமோனியா கிளம்பும். முதல் மாடிக்கு வருகிற நாற்றம் அதுதான். மாடியில் இருப்பவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடலாம். கோழி எங்கே போகும்? கண்ணில் நீர் வடியும், மூச்சில் கறகறவென்று சத்தம் வரும். சளி பிடித்துவிட்டது என்று நாம் இன்னும் இறுக்கிக் கட்டுவோம்.

ஆகவே வாடைக்காற்று வருகிற வடக்கையும் கிழக்கையும் மட்டும் மறையுங்கள். தார்ப்பாயைக் கீழிருந்து மேலாகக் கட்டி, கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். எதிர்ப்பக்கம் கம்பி வலை திறந்தே இருக்கட்டும். கூரையை இரண்டு அடி வெளியே நீட்டினால் சாரல் உள்ளே வராது. கூட்டின் தரை முற்றத்தைவிட ஓர் அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். நம் முற்றத்தில் மோட்டார் ரூம் பக்கம் தண்ணீர் தேங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நாலு மூலைக்கும் செங்கல் அடுக்கித் தூக்கிவிடுங்கள்.

தரையில் போடுகிற கூளம்தான் பாதி வேலை. நெல் உமி, கடலைத் தோல், தேங்காய் நார்த்தூள், எது கிடைத்தாலும் மூன்று விரல் கனத்துக்குக் காயவைத்துப் போடுங்கள். ராஜபாளையத்தில் மில்லுக்குப் பஞ்சமில்லை, பஞ்சுக் கழிவு சும்மா கிடைக்கிறதே என்று அதைப் போடாதீர்கள். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நூல் காலில் சுற்றும். தினமும் ஒரு தடவை கிளறிவிடுங்கள். வாரம் ஒருமுறை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது. கொழுக்கட்டை மாதிரி நின்றால் நனைந்த இடத்தை வழித்து எடுத்துவிட்டு, கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் கலந்து புதுக் கூளம் போடுங்கள். இன்னொரு சோதனை: விடியற்காலையில் கூட்டின் முன்னால் கோழியின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து மூச்சை இழுங்கள். உங்கள் கண் எரிந்தால் கோழிக்கும் எரிகிறது. புகார் சொல்கிற முதல் மாடி வீட்டாரையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

குஞ்சுகள் விஷயம் வேறு. அவற்றுக்குக் குளிர் ஆகவே ஆகாது. முதல் வாரம் 35 டிகிரிச் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். தாய்க்கோழி இருந்தால் அது பார்த்துக்கொள்ளும். வாங்கி வந்த குஞ்சு என்றால் பஞ்சாரத்துக்குள் குண்டு பல்ப் தொங்கவிடுங்கள். பல்புக்கு அடியில் குவிந்தால் சூடு போதவில்லை, விலகி ஓடினால் அதிகம். ஒயர் நனையாமல் பார்க்க வேண்டும். ஈரக் கூளத்தில் வளர்கிற குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல் வரும். ஒன்றுக்கு வந்தால் மற்றதெல்லாம் வரிசையாகப் படுத்துவிடும்.

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி ஒன்றுதான் வழி. பிப்ரவரியில் கால்நடைத் துறை இலவச முகாம் நடத்துவது வழக்கம். ஆனால் அந்த முகாமுக்குப் பிறகு பொரித்த குஞ்சுகள், இப்போது கூட்டில் பாதி அவைதான், மருந்து படாதவை. மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கு வரும். கலக்கிவிட்டால் ஐஸில் வைத்து ஓரிரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். பத்துக் கோழிக்காக ஒரு குப்பியை உடைக்கத் தயங்குவார்கள். பக்கத்துத் தெருக்களையும் சேர்த்தால் கணக்கு சரியாகிவிடும்.

மழையில் பூசணம் பிடித்த கம்பு, சோளம், கடலைப் புண்ணாக்கைக் கோழிக்குத்தானே என்று போடாதீர்கள், ஈரல் கெட்டுவிடும். மார்கழியில் முட்டை குறைந்தால் பயப்பட வேண்டாம். பகல் குறைகிறது, முட்டையும் குறைகிறது. திடீரென்று இரண்டு மூன்று செத்தால் சாக்கடையில் வீசாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

நாய் வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால்தலையே வெளியிட்டார்கள், பெருமைதான். ஆனால் அது வேட்டை நாய். கோழி வெளியே மேய்கிற சாயங்கால நேரத்தில் கட்டிப் போடுங்கள்.

மூன்று வீட்டாரும் தங்கள் கோழி, குஞ்சு எண்ணிக்கையைத் தனித்தனியாக எழுதி, இந்தச் சனிக்கிழமைக்குள் வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் கொடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் அங்கேயே கணக்கெடுத்து எனக்குப் போன் செய்தால் போதும். திங்கட்கிழமை காலை நானே மருந்தகத்துக்குப் போய்க் கேட்டு வருகிறேன்.