சுவாமிக்கு உறுதி எங்கே?

(ஊர்காவற்றுறைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கொழும்பு நூதனசாலைக்குச் செல்லும் தமிழர் ஒவ்வொருவரும் அங்குள்ள நடராசர் திருவுருவத்தின் முன் சற்றே நிற்றல் வேண்டும். பொலன்னறுவைச் சிவாலய இடிபாடுகளில் 1907, 1908 ஆம் ஆண்டுகளில் தொல்பொருள் ஆணையாளர் பெல் அகழ்ந்தெடுத்த செப்புத் திருமேனிகளுள் ஒன்று அது. பின் வலக்கையில் உடுக்கு. பின் இடக்கையில் தீ. முன் வலக்கை அஞ்சேல் என்கிறது. முன் இடக்கை தூக்கிய திருவடியைக் காட்டுகிறது. உடல் முழுவதும் ஆடுகிறது; முகத்திலோ அசைவில்லை. அதே தொகுதியில் காரைக்கால் அம்மையார் எலும்பும் தோலுமாய், கையில் தாளத்துடன் அமர்ந்திருக்கிறார். இவற்றின் பொருளை உலகறிய எழுதியவர் சேர். பொன்னம்பலம் அருணாசலம்.

அங்கே தீபமில்லை, பூசையில்லை. அப்படியாயின் அது வெறும் உலோகந்தானா? சட்டம் படித்தவன் என்ற முறையில் இக்கேள்விக்கு ஒரு தீர்ப்பையே விடையாகக் கூறுவேன்.

1976 இல் தமிழ்நாட்டுப் பத்தூரில் பாழடைந்த சிவன் கோயிலருகே மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராசர், பல கை மாறி லண்டன் சேர்ந்தார். 1982 இல் கனடாவின் பம்பர் நிறுவனம் அவரை விலைக்கு வாங்கியது. பொலிஸார் கைப்பற்றினர்; வழக்கு மூண்டது. உரிமை கோரியவர்களுள் அந்தப் பாழ்ங்கோயிலும் ஒரு கட்சிக்காரர்! கோயில் வழக்காடலாமா என்று வாதித்தார்கள். ஆடலாம் என்றது ஆங்கில நியாயஸ்தலம். 1988 இல் வென்ற தீர்ப்பு 1991 இல் மேன்முறையீட்டிலும் நிலைத்தது. சுவாமி தாயகம் திரும்பினார்.

ஆனால் நியாயம் இருந்தாற் போதாது; சான்றும் வேண்டும். சிறீபுரந்தான் நடராசரை அவுஸ்திரேலியத் தேசிய கலைக்கூடம் 2008 இல் வாங்கியது; 2014 இல் திருப்பித் தந்தது. அவர் எந்தக் கோயிலுக்குரியவர் என்பதைக் காட்டிக்கொடுத்தவை புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள். மெழுகில் உருச்செய்து, மேலே மண் அப்பி, மெழுகை உருக்கி வடித்து, அவ்விடத்தில் உலோகம் வார்க்கிறார்கள். அச்சை உடைத்தே திருமேனியை எடுக்க இயலும். ஆதலால் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. படம் இருந்தால் அடையாளம் தப்பாது.

கமக்காரப் பெருமக்களே! இரண்டு பரப்புக் காணிக்கும் நாம் உறுதி முடித்துப் பெட்டியிற் பூட்டி வைக்கிறோம். பங்குக் கிணற்றுக்கும் எழுத்து உண்டு. சுவாமிக்கு உறுதி எங்கே? 1990, 1991 ஆம் ஆண்டுகளில் இத்தீவுகளின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்ததை நீங்கள் மறக்கவில்லை. ஆளில்லாத ஊரில் எதுவும் காணாமற்போகலாம். இன்னது இருந்தது என்று நிறுவ எழுத்தில்லையேல் நியாயவாதி என்ன செய்வான்?

நெடுந்தீவு முதல் நயினாதீவு வரை ஒவ்வொரு கோயில் தர்மகர்த்தாவையும் கைகூப்பிக் கேட்கிறேன். திருவிழாப் படம் உதவாது. பட்டும் மாலையும் திருமேனியை மறைத்துவிடும். குருக்கள் ஐயாவின் சம்மதத்துடன், அலங்காரம் களைந்த வேளையில் நாற்புறமும் படம் எடுப்பியுங்கள். உயரம், நிறை, பீடத்தெழுத்து, பழைய வடு அனைத்தையும் குறியுங்கள். ஒரு பிரதி கோயிலில் இருக்கட்டும். ஒன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லட்டும். ஒன்று கடல் கடந்த நம் உறவினரிடம் இருக்கட்டும்.

இதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டியதில்லை. பெரும் பணமும் வேண்டியதில்லை. அடுத்த கொடியேற்றத்துக்கு முன் செய்து முடியுங்கள்.