போன பிறவிக்குச் சாட்சி யார்?

(வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் மறுபிறவியைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே என் கருத்து. பிள்ளைகளைப் படிக்க அனுப்புங்கள் என்று நாம் வீடு வீடாகச் சென்று கேட்கும்போது, பலமுறை குறுக்கே வந்து நிற்பது அந்த நம்பிக்கைதான்.

இறந்தபின் என்ன என்பதில் உலகம் ஒருமித்த கருத்துக் கொண்டதில்லை. கிறித்தவரும் இசுலாமியரும் பிறவி ஒன்றே, அதன்பின் இறுதித் தீர்ப்பு என்பர். சைவரும் வைணவரும் சமணரும் வினைக்கேற்ப உயிர் மீண்டும் மீண்டும் பிறக்கும் என்பர். உலோகாயதரோ உடலோடு எல்லாம் முடிந்தது என்பர். சமயக் கணக்கர் பலரையும் அணுகி அவரவர் கொள்கையை மணிமேகலை கேட்டறிவதற்கென்றே அவள் பெயர் தாங்கிய காப்பியத்தில் ஒரு காதை உண்டு. ஆதலின் எவர் நம்பிக்கையையும் இகழ்வது என் நோக்கமன்று.

என் தந்தையார் மறைந்த ஆண்டிலேயே என் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. "உங்கப்பாதான் திரும்பி வந்திருக்காரு" என்று என் தாயார் அக்குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு அழுதார். நான் பட்டம் பெற்றவன். ஆயினும் மறுத்துரைக்க நா எழவில்லை. அந்த நம்பிக்கை துயருற்ற ஒரு தாய்க்கு ஆறுதல் தந்தது. அதனால் எவர்க்கும் தீங்கில்லை.

ஆனால் இதே நம்பிக்கைக்கு மற்றொரு முகமும் உண்டு. நல்லொழுக்கமுடையோர் அந்தணர், அரசர், வணிகர் குலங்களில் பிறப்பர் என்றும், தீயொழுக்கமுடையோர் நாயாகவோ பன்றியாகவோ சண்டாளராகவோ பிறப்பர் என்றும் சாந்தோக்கிய உபநிடதம் கூறுகிறது. இஃது அடித்தவனை விட்டுவிட்டு, அடிபட்டவனையே குற்றவாளியாக்கும் தீர்ப்பு அல்லவா?

சில ஆண்டுகளுக்கு முன், நன்கு படித்துவந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி திடீரெனப் பள்ளிக்கு வரவில்லை. வீடு தேடிச் சென்றேன். "போன பிறவியிலே என்ன பாவம் செஞ்சோமோ சார், எங்க தலையெழுத்து இவ்வளவுதான். செங்கல் சூளைக்கு அனுப்பப் போறேன்" என்றார் தாய். நான் விடை தேடுமுன், திண்ணையில் இருந்த அவருடைய வயது முதிர்ந்த தாயார் சொன்னார்: "போன பிறவியை யாருடி பார்த்தது? அதுக்குச் சாட்சி யாரு? இந்தப் பிறவியிலே உன்னைப் படிக்க விடாம நடவுக்கு அனுப்புனவ நான். அதுக்கு நானே சாட்சி." அதன்பின் அங்கே நான் பேச ஒன்றுமில்லை. திங்கட்கிழமை அம்மாணவி பள்ளிக்கு வந்தாள். இன்று அவள் செவிலியராகப் பணிபுரிகிறாள்.

எழுத்தறியாத அந்த மூதாட்டியார் கேட்டதை நம் முன்னோரும் கேட்டனர். 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதர் பிறப்பால் இழிவு என்பதை ஏற்கவில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவிய அண்ணல் அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூல் அவர் மறைவுக்குப் பின் 1957-இல் வெளிவந்தது. உடல் அழிந்தபின் அதன் பூதங்கள் இயற்கையிலுள்ள தம் இனத்தோடு கலக்கும்; ஆன்மா என ஒன்று கூடுவிட்டுக் கூடு பாய்வதில்லை என்று அதில் விளக்குகிறார். ஏழ்மைக்கு முற்பிறவி வினையே காரணம் என்பது, அரசும் சமுதாயமும் தம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க உதவும் கொள்கை என்றும் எடுத்துக்காட்டுகிறார்.

இறந்தபின் என்ன என்பதை நான் அறியேன். அறிந்தவன்போல் நடிக்கவும் மாட்டேன். ஆறுதல் தரும் நம்பிக்கையை மதிப்போம். பழி சுமத்தும் நம்பிக்கையை மறுப்போம். பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் படிப்பை அடுத்த பிறவிக்கென்று ஒத்திப்போடாதீர்கள். நம் கண்முன் உள்ளது இப்பிறவி ஒன்றே. இதற்கு நாம் அனைவரும் சாட்சிகள்.