வானொலியில் ஒலியைத் தூக்குவதும் அடக்குவதும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

"உன் வேலையைப் பத்திப் பேசுப்பா, போதும்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். என் வேலை, வானொலி நிலையத்தின் ஸ்டூடியோவுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவே இருக்கும் ஆடியோ பிராசஸர் என்கிற பெட்டியைக் கவனித்துக்கொள்வது. நீங்கள் கேட்கும் ஒவ்வொரு சொல்லும் அதற்குள் புகுந்துதான் வருகிறது.

அது எதற்கு? எஃப்.எம்.மில் அலைவெண் விலகல் 75 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பக்கத்து நிலையத்துக்குத் தொல்லை. ஆக, மேலே ஒரு கூரை. கீழே இரைச்சல். இந்த இடைவெளிக்குள் மெல்லப் பேசும் அறிவிப்பாளர், தவில், விளம்பரம், டெலிபோனில் வரும் நேயர் எல்லாரையும் உட்கார வைக்கணும். ஒரு காலத்தில் ஆபரேட்டர் கையை ஃபேடரில் வைத்தபடியே செய்த வேலை இது. 1975-இல் பாப் ஆர்பன் கொண்டுவந்த ஆப்டிமாட் 8000, கம்ப்ரஸர், லிமிட்டர், ஸ்டீரியோ ஜெனரேட்டர் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கியது. இன்றைய பெட்டிகள் பலவும் அதன் வாரிசுகள்தான்.

தம்பிகள் ஏ.ஜி.சி.யையும் கம்ப்ரஸரையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். ஏ.ஜி.சி. என்பது அந்த ஆபரேட்டரின் நிதானமான கை. சராசரி அளவைப் பார்த்து, வினாடிக்கு ஒன்றிரண்டு டெசிபல் என்று மெதுவாக ஏற்றும், இறக்கும். கம்ப்ரஸர் வேகமானது. விகிதம் 3:1 என்றால், த்ரெஷோல்டுக்கு மேல் 9 டெசிபல் எகிறிய ஒலி 3 டெசிபல் மட்டும் எகிறி வெளியே வரும். ஏ.ஜி.சி.யை வேகமாக ஓடவிட்டு கம்ப்ரஸர் வேலையை வாங்கினால், பாட்டு மூச்சு வாங்குகிற மாதிரி கேட்கும்.

இதை நம் கச்சேரியில் வைத்துப் பாருங்கள். பாடகர் ஒரு சங்கதியை முடித்து நிறுத்துகிறார். பின்னால் தம்புரா மட்டும். பெட்டிக்கு சங்கீதம் தெரியுமா? "ஐயோ, ஒலி குறைஞ்சு போச்சே" என்று தூக்க ஆரம்பிக்கும். தம்புரா மேலே வருகிறது, அரங்கில் யாரோ இருமுவதும் கூடவே வருகிறது. அடுத்த வரியை அவர் எடுத்ததும் எல்லாம் சடாரென்று கீழே. இதற்குத்தான் கேட் என்ற அமைப்பு: ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனால் "இருந்த இடத்திலேயே நில்" என்று கெயினை நிறுத்திவைக்கும். நான் முதலில் கை வைப்பது அதில்தான். தம்புராவின் அளவுக்குச் சற்று மேலே கேட்டை வைத்தால், பாடகரின் மௌனம் மௌனமாகவே இருக்கும்.

இன்னொன்று: ஒரே பட்டையில் அடக்கினால், மிருதங்கத்தின் தொப்பி ஒவ்வொரு தட்டுக்கும் குரலைக் கீழே இழுக்கும். அதனால்தான் அலைவெண்களைப் பல பட்டைகளாகப் பிரித்துத் தனித்தனியாக அடக்குகிறோம். உச்ச ஸ்தாயிக்கும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் நாட்டில் ப்ரீ-எம்ஃபஸிஸ் 50 மைக்ரோவினாடி. 15 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 14 டெசிபல் ஏற்றம். ஜால்ராவும் 'ஸ' ஒலியும் கூரையில் போய் முட்டும். அங்கே லிமிட்டரும் கிளிப்பரும் அளவாக வேலை செய்யணும். கிளிப்பரை அதிகம் ஓட்டினால் 'ஸ' கிழிந்த காகிதம் மாதிரி ஆகிவிடும்.

சரி, இவ்வளவும் தெரிந்தும் ஏன் சில நிலையங்கள் காதைக் குடைகின்றன? போட்டி. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், காரில் ஸ்டேஷன் மாற்றும்போது நம்முடையதுதான் உரக்கக் கேட்கணும் என்று மேலிடத்தின் கட்டளை. மீட்டர் முள் காலையிலிருந்து இரவு வரை உச்சியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பல புதிய பாட்டுகள் குறுந்தகட்டுக்கு வரும்போதே நசுங்கித்தான் வருகின்றன. நசுங்கியதை மறுபடி நசுக்குவதில் என்ன லாபம்? "கொஞ்ச நேரம் கேட்டா தலை வலிக்குது, சார்" என்று நேயர்கள் போன் செய்தார்கள். நான் சண்டை போடவில்லை. பகலில் பஸ் இரைச்சலைத் தாண்ட இறுக்கமான பிரிசெட், இரவு பத்துக்கு மேல் தளர்ந்த பிரிசெட் என்று இரண்டைப் போட்டுக் காட்டினேன். இரவை விட்டுக்கொடுத்தார்கள். பகல் அவர்களுடையதாகவே இருந்தது. எனக்கு இன்னும் அதில் வருத்தம்தான்.

ஆனால் இறுக்கம் என்றாலே பாவம் என்று நினைத்துவிடாதீர்கள். மீடியம் வேவில், கடலில் படகில் இருப்பவர் சின்ன டிரான்சிஸ்டரில் புயல் அறிவிப்பு கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் சத்தம், மின்னல் கரகரப்பு. அவருக்கு ஒலியின் நயம் எதற்கு, வார்த்தை புரிந்தால் போதும். அங்கே தாராளமாக அடக்கி, சராசரி மாடுலேஷனை ஏற்றுவேன். ஒன்றுமட்டும் கவனம்: கீழ்ப்பக்க மாடுலேஷன் 100 சதவீதத்தைத் தாண்டவிடக் கூடாது. தாண்டினால் கேரியர் அறுந்து, அக்கம்பக்கத்து அலைவரிசைகளெல்லாம் கெடும்.

தம்பி தங்கைகள் இதற்காகப் பெரிய பெட்டி எதுவும் வாங்க வேண்டாம். ஆடாசிட்டி மென்பொருள் இலவசம். ஒரு பழைய கச்சேரிப் பதிவை எடுங்கள். விகிதத்தை 3:1-இல் வைத்து, ரிலீஸ் நேரத்தை மட்டும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒரு தடவைக்கு ஒரு திருகுதான். மாற்றும் முன் பழைய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வால்யூமைக் குறைத்து, சாதாரண ஸ்பீக்கரில் கேளுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், காது சலித்துப்போய் எல்லாம் சரி என்று சொல்ல ஆரம்பித்துவிடும். தம்புரா எந்த இடத்தில் மேலே ஏறி வருகிறது என்று பார்த்துவிட்டு, சாப்பாட்டுப் பந்தியில் என்னிடம் சொல்லுங்கள்.