கீழ்த்துறைக்காரனும் கையெழுத்துப் போடணும்

(பழையாற்றைப் பாதுகாப்பது குறித்து வடசேரியில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



நோட்டீசில் என் பேருக்கு முன்னால் 'கவிஞர்' என்று அடித்திருக்கிறார்கள். பகல் பூராவும் நான் வங்கிக் குமாஸ்தா. கவிதை ராத்திரியில்தான். ஆற்றைப் பற்றிப் பேசக் கவிஞனைக் கூப்பிட்டால் வெள்ளிக் கொலுசு, தாய்மடி என்று ஆரம்பிப்பான் என்ற எதிர்பார்ப்பு உண்டு. எனக்கு அது வரவில்லை. நான் சின்ன வயதில் பழையாற்றைப் பார்த்தது எங்க சித்தப்பாவின் காலில். முட்டுக்குக் கீழே எப்பவும் புண்ணு. ராத்திரி தேங்காய் எண்ணெய் போட்டுத் தடவிக்கிட்டே இருப்பார்.

சித்தப்பாவுக்கு ஆற்றில் ஆகாயத்தாமரை எடுக்கிற வேலை. ஒரு உள்ளாட்சி, பேரு வேண்டாம். காண்டிராக்ட் கூலி. இடுப்பளவு தண்ணியில் இறங்கி, கொடியை அறுத்து, கம்பால் தள்ளிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட வேண்டும். பாலம்தான் ஊர் எல்லை. எல்லை தாண்டிவிட்டால் வேலை முடிந்தது, பில் பாஸ். அடுத்த மாசம் அதே காண்டிராக்டர் அடுத்த ஊர் வேலையையும் எடுத்திருப்பார். அதே சித்தப்பா, அதே கம்பு. போன மாசம் தான் தள்ளிவிட்ட அதே தாமரையை இன்னொரு எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளுவார். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்: "மக்கா, ரெண்டு ஊருக்காரனும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்க மாட்டான். அவனுகளுக்கு எடையில ஒறவு நா ஒருத்தந்தாம்ல."

இன்றைக்கு நம்ம கூட்டத்தின் தலைப்பு, ஆற்றங்கரை உள்ளாட்சிகள் எல்லாம் கூட்டுச் சேர்ந்து ஆற்றைப் பராமரிப்பது. நல்ல தலைப்பு. நான் எதிர்க்க வரவில்லை. அந்தக் கூட்டு ஏற்கெனவே எங்க சித்தப்பா முதுகில் நடந்திருக்கிறது என்பதை முதலில் பதிவு செய்துவிட்டுப் பேச நினைக்கிறேன்.

ஆற்றை ஒருதரம் மேலிருந்து கீழே பார்த்துவிடுவோம். வடக்கே மலையில் பிறந்து, தோவாளை தாலுகா ஊராட்சிகள் வழியா இறங்கி, பூதப்பாண்டியைத் தொட்டு, நம்ம வடசேரிக்குப் பக்கத்தில் ஒழுகினசேரிப் பாலத்துக்கு அடியில் நுழைந்து, சுசீந்திரம் போய், மணக்குடிக் காயலில் கடலோடு சேருது. இதில் ஓடுகிற தண்ணீர் பூராவும் இதன் சொந்தத் தண்ணீரும் இல்லை. கோதையாற்று, பரளியாற்றுத் தண்ணீரைப் புத்தன் அணையில் திருப்பி, பாண்டியன் கால் வழியாக இதில் விடுகிறார்கள். 1906இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடித்த பிறகு இந்த வரத்து இன்னும் உறுதியானது. அந்த மலையில் என்ன நடக்கிறதோ அது மணக்குடியில் தெரியும்.

ஆறு ஒண்ணுதான். ஆனா அதுக்கு எசமான்கள் எத்தனை பேர்? கிராம ஊராட்சிகள், பேரூராட்சிகள், 2019இல் மாநகராட்சியான நாகர்கோவில், நீர்வளத்துறை, வனத்துறை. அவரவருக்கு ஒரு எல்லைக்கல். நாகர்கோவில் குடிக்கிறது மேலே முக்கடல் அணையிலிருந்து. அது போதாமல் புத்தன் அணையிலிருந்து ஒரு குடிநீர்த் திட்டம். ஆக, நகரம் வாய் வைக்கிறது மேலே. கழிவு இறங்குறது கீழே, சுசீந்திரம் பக்கம், மணக்குடிப் பக்கம். சுசீந்திரம் - தேரூர் குளங்களுக்கு 2022இல் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. உலகப் பெருமை, சந்தோசம். பறவைக்குக் கிடைத்த அந்த மரியாதை அதே கரையில் குடியிருக்கிற சனத்துக்கு எப்பம் கிடைக்கும்னு கேட்டா நம்மைப் பறவைக்கு எதிரின்னு சொல்லிருவான்.

இந்த மேலே, கீழே கணக்கு நமக்குப் புதுசு இல்லை. எங்க அம்மைக்கு ஆற்றில் துறை தெரியும். மேல்துறை யாருக்கு, அடுத்த துறை யாருக்கு, மாடு குளிப்பாட்டுறது எங்கே, அதுக்கும் கீழே நம்ம சனம் எங்கே. மேலே உள்ளவன் குளிச்ச தண்ணி கீழே வரலாம், தீட்டு இல்லை. கீழே உள்ளவன் மேலே ஏறினாத்தான் தீட்டு. தண்ணீர் போகிற திசையைச் சாதி அப்படியே சட்டமாக்கி வைத்திருந்தது. இன்றைக்கு ஒரு உள்ளாட்சி அடுத்த உள்ளாட்சிக்குச் செய்வது அதேதான். ஊர் சேரிக்குச் செய்ததை மேலூர் கீழூருக்குச் செய்கிறது. அதனால்தான் ஆற்றுப் பிரச்சினையை வெறும் சுற்றுச்சூழல் பிரச்சினை என்று சொல்லும்போது நான் கொஞ்சம் தயங்குகிறேன்.

நாஞ்சில் நாட்டில் ஒரு காலத்தில் தண்ணீர்க் கூட்டுறவு இருந்ததே, நாட்டார் கூடி முடிவெடுத்தார்களே, அந்தப் பழைய முறை போதாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாட்டார் கூடி, வரிக்கு எதிராகத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். பழையாற்றில் பள்ளிகொண்டான் அணை, சோழன்திட்டை அணை என்று வரிசையாகத் தடுப்பணைகள். பாராட்ட வேண்டிய பொறியியல்தான். ஆனா அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளையும் சேர்த்துப் படியுங்கள். நிலம் விற்ற ஓலை இருக்கிற கட்டிலேயே மனுசனை விற்ற ஓலையும் இருக்கு. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கிற பிரகடனம் வந்தது 1855இல். அதுக்கு முன்னால் இந்தக் கால்களில் மண் சுமந்தவன் கூலிக்காரன்கூட இல்லை, உருப்படி. தண்ணீரைப் பங்கு வைக்கக் கூடினவர்கள் கூட்டத்தில் சேறு அள்ளினவன் உட்கார்ந்ததாக எந்த ஓலையிலும் நான் பார்க்கவில்லை.

அதே ஆற்றங்கரைச் சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றின தெருவில் நடப்பதற்கே 1926இலும் 1930இலும் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. அதுக்கும் முன்னாலேயே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் ஒரு கிணறு வெட்டி எல்லாச் சாதியும் ஒண்ணாத் தண்ணி எடுக்கலாம் என்றார். முந்திரிக்கிணறு இன்றைக்கும் இருக்கு. நம்ம மண்ணில் பொதுத் தண்ணீருக்கு முன்மாதிரி தேடினால் நான் நாட்டார் கூட்டத்துக்குப் போகமாட்டேன், அந்தக் கிணற்றுக்குத்தான் போவேன்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1992இல் நிறைவேறி 1993இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தங்களில் 243இசட்டி என்று ஒரு பிரிவு. மாவட்டத் திட்டக் குழு. ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான விசயங்களை இந்தக் குழு சேர்த்துத் திட்டமிட வேண்டும். தண்ணீரைப் பகிர்ந்துகொள்வது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கு. சுற்றுச்சூழலைக் காப்பது என்றும் எழுதியிருக்கு. உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்கணும். ஆக, பழையாற்றுக்கு ஒரு கூட்டு அமைப்பு வேணும்னா புதுசா வானத்திலிருந்து சட்டம் இறங்க வேண்டியதில்லை.

ஆனால் ஆள்? தமிழ்நாட்டில் 2016 அக்டோபருக்குப் பிறகு ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் வந்தது 2020 சனவரியில். நகராட்சிகளுக்கு வந்தது 2022இல். மறுபடியும் 2025 சனவரியில் நம்ம மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் காலம் முடிந்து, தனி அலுவலர்கள் கைக்குப் போயிற்று. கீழ்ப்பாதி ஆற்றுக்கு உறுப்பினர் இருக்கும்போது மேல்பாதி ஆற்றுக்கு ஆள் இல்லை. பாதி நாற்காலி காலியாக் கிடக்கிற குழு எந்த ஆற்றைத் திட்டமிடும்? தனித்தொகுதியில் நம்ம ஆள் செயித்தாலும் நாற்காலியில் உட்கார விடுவானா என்பது அடுத்த கேள்வி. மேலவளவு முருகேசனை 1997 சூன் 30இல் வெட்டினார்களே, அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்.

தீர்மானம் மட்டும் போதாது என்று நமக்கு அம்பேத்கர் காட்டியிருக்கிறார். பொதுக் குளங்கள் எல்லோருக்கும் என்று 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் போலே தீர்மானம் கொண்டுவந்தார். 1924இல் மகாட் நகராட்சி அதை ஏற்றுத் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. ஏட்டில் குளம் திறந்தாச்சு. ஒருத்தரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்தார். அடித்தார்கள். அதே வருசம் ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. வழக்கு உயர்நீதிமன்றத்தில் முடிய 1937 ஆயிற்று. நகராட்சித் தீர்மானத்தின் ஆயுசு எவ்வளவு என்று நமக்குத் தெரியும்.

அதே அம்பேத்கர்தான் 1942 முதல் 1946 வரை வைசிராய் சபையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது பாசனத்தையும் மின்சாரத்தையும் கையில் வைத்திருந்தார். தாமோதர் ஆறு பீகாரில் பிறந்து வங்காளத்தை மூழ்கடித்தது. இரண்டு மாகாணமும் தனித்தனியாக ஒன்றும் செய்ய முடியாது, பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே அலகாக எடுக்க வேண்டும் என்ற வேலையை முன்னே தள்ளினவர்களில் அவர் முக்கியமானவர். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் வந்தது. இன்று வல்லுநர்கள் வடிநிலம், நீர்ப்பிடிப்பு என்று பேசுவதைச் சவுதார் குளத்தில் அடிவாங்கின மனுசன் அன்றைக்கே மேசையில் வைத்துவிட்டார். அந்த இரண்டு அம்பேத்கரையும் நாம் பிரிக்கக் கூடாது.

வெளியே ஒரு உதாரணம். செர்மனியில் எம்சர் என்று ஒரு ஆறு. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடுவே ஓடி வெறும் சாக்கடையாகிப் போனது. 1899இல் கரையோர நகரங்களும் சுரங்கங்களும் ஆலைகளும் சேர்ந்து ஒரு கூட்டுறவு வைத்தார்கள். உறுப்பினர் ஆகி, பணம் கட்டணும், தப்ப முடியாது. 1992 முதல் சாக்கடையைத் தனிக்குழாயில் பிரித்தார்கள். 500 கோடி யூரோவுக்கு மேல் செலவு. 2021 கடைசியில்தான் ஆறு சாக்கடையிலிருந்து விடுபட்டது. முப்பது வருசம் ஆயிருக்கு. ஆக, நம்ம ஆற்றையும் ஒரு தேர்தலுக்குள் சுத்தம் பண்ணிருவேன் என்று எவன் சொன்னாலும் நம்பாதீங்க.

ஆனால் செர்மனிக்காரனின் திட்டத்தை இங்கே அப்படியே இறக்கினால் ஒரு ஆபத்து. இங்கே சாக்கடைக் குழாய் என்றால், அடைத்தால் இறங்க ஒரு சாதி இருக்கு. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகை ஏறுது என்றால் சாவு நிற்கவில்லை என்று அர்த்தம். 2020இல் துப்புரவுப் பணியாளர் என்ற பேரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். பேரு மாறிச்சு, இறங்கினவன் மாறலை. ஆறு சுத்தமாகுறதுக்கு ஒருத்தன் குழிக்குள் சாகணும்னா அந்தச் சுத்தம் நமக்கு வேண்டாம்.

என் தொழிலை வைத்து ஒன்று சொல்லி முடிக்கிறேன். வங்கியில் கூட்டுக் கணக்கு இரண்டு மாதிரி. ஒன்று 'எய்தர் ஆர் சர்வைவர்'. ரெண்டு பேரில் எவர் வந்தாலும் எடுக்கலாம். ஒருத்தர் செத்தால் இருக்கிறவருக்கு. இன்னொன்று 'ஜாயின்ட்லி'. எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு ரூபாய் நகரும். பழையாற்றை இதுவரைக்கும் முதல் மாதிரி நடத்தியிருக்கான். கவுண்டருக்கு முதல்ல வந்தவன் எடுத்தான். மேலே இருக்கிறவன் எப்பவும் முதல்ல வருவான். போடுறவன் ஒருத்தனும் இல்லை.

இந்தக் கணக்கை இரண்டாவது மாதிரிக்கு மாற்றணும். அதுக்கு நான் வைக்கிற கோரிக்கைகள் நாலு. மாவட்டத் திட்டக் குழுவுக்குள் பழையாற்றுக்கு என்று ஒரு துணைக்குழு, மலையடிவார ஊராட்சி முதல் மணக்குடி வரை. அதில் மேல் உள்ளாட்சி எதையும் செய்யும் முன் கீழ் உள்ளாட்சியின் ஒப்புதல். ஆற்றிலும் சாக்கடையிலும் வேலை செய்கிறவர்களுக்கு வாக்குரிமையோடு இடம், அவங்க வேலைக்கு எந்திரமும் நிரந்தரச் சம்பளமும். கடைசியா, தண்ணீர்ப் பரிசோதனை முடிவு மாசாமாசம் ஆற்றங்கரைக் குடியிருப்புகளில் தமிழில் எழுதி ஒட்டணும்.

2021 நவம்பர் வெள்ளம் வந்தபோது ஆறு எல்லைக்கல்லைப் பார்த்து நிற்கவில்லை. எல்லா ஊருக்குள்ளும் நுழைந்தது. தண்ணி வடிஞ்ச பிறகு சகதி அள்ள யாரைக் கூப்பிட்டான் என்று உங்களுக்குத் தெரியும்.

சித்தப்பா இப்போ இல்லை. கையெழுத்துப் போடத் தெரியாது அவருக்கு. கூலிப் பட்டியலில் பெருவிரலைத்தான் அமுக்குவார், அந்த விரலிலும் பாதி ரேகை தேய்ஞ்சு போயிருக்கும். பழையாற்றுக் கூட்டுக் கணக்கு என்றைக்காவது திறந்தால், முதல் ரேகைக்கு ஒரு இடம் காலியா விட்டு வைங்க. அதற்குக் கீழே மற்றவர்கள் கையெழுத்துப் போடட்டும்.

ஜெய் பீம்.