சிறிதாயினும் நிலைத்த அமல்

(ஷவ்வால் மாதம் நமது பள்ளிவாசலில் இஷா தொழுகைக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



  

ரமலான் மாதத்தில் ஸுப்ஹு தொழுகைக்கு வராந்தா வரை நிரம்பிய ஸஃப்புகள், பெருநாள் கழிந்த மறுநாளே இரண்டாகச் சுருங்கிவிடுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். இதனை ஈமானின் குறைவு என்று ஒரே சொல்லில் கூறிவிடுவது எளிது. நாம் அவ்வாறு கூற விரும்பவில்லை. ரமலானில் ஸுப்ஹுக்கு நம்மை எழுப்புவது பெரும்பாலும் ஸஹர் உணவே. வீட்டில் அடுப்பு எரிகிறது, பாத்திரம் ஒலிக்கிறது, குழந்தைகளும் விழித்திருக்கின்றனர். உண்டு முடித்தவுடன் பாங்கு கேட்கிறது. கால்கள் தாமாகவே பள்ளிக்கு நடக்கின்றன. ஷவ்வால் பிறை கண்டதும் ஸஹர் நின்றுபோகிறது. அதனைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த ஸுப்ஹும் விழுந்துவிடுகிறது.

பழக்கம் பற்றி ஆய்ந்தவர்களும் இதற்கு நெருங்கிய ஒன்றையே கண்டுள்ளனர். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2009 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒவ்வொருவரும் ஒரு சிறு செயலைத் தேர்ந்து, அதனை அன்றாடம் நிகழும் ஏதேனும் ஒன்றுடன், எடுத்துக்காட்டாகக் காலை உணவுடன், இணைத்து 84 நாட்கள் செய்து வந்தனர். அச்செயல் எண்ணிப் பாராமலே நிகழும் நிலையை அடைய, ஏறத்தாழ 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களே போதுமாயிருந்தன; சிலருக்கு 254 நாட்கள் வரை ஆகும் என்று மதிப்பிட்டனர். நமது ரமலானோ 29 அல்லது 30 நாட்கள். வேர் பிடிக்கத் தொடங்கும் நேரத்தில் நாம் செடியைப் பிடுங்கிவிடுகிறோம். இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை என்றும் அவ்வாய்வு கண்டது. "நேற்று தவறிவிட்டது, இனி என்ன பயன்?" என்று விட்டுவிடும் நம்மவர் இதனைக் கவனிக்க வேண்டும்.

நாயகம் (ஸல்) அவர்கள், குறைவாக இருப்பினும் இடைவிடாது செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று அறிவித்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக நாம் அறிவோம். ஒருமுறை பள்ளிவாசலின் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. தொழுது களைக்கும்போது பற்றிக்கொள்வதற்காக அன்னை ஜைனப் (ரலி) அவர்கள் கட்டியது என்று தெரிந்ததும், அதனை அவிழ்த்துவிடச் சொன்னார்கள். உற்சாகம் உள்ளவரை தொழுது, சோர்ந்தால் அமர்ந்துகொள்ளுமாறு கூறினார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் இளமையில் நாள்தோறும் நோன்பு வைத்து வந்தார்கள். மாதம் மூன்று நோன்பு போதும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியும், மேலும் இயலும் என்று வேண்டி, ஒருநாள் விட்டு ஒருநாள் நோற்கும் அளவைப் பெற்றார்கள். முதுமையில் உடல் தளர்ந்தபோது, அந்தச் சலுகையை ஏற்றிருக்கலாமே என்று வருந்தினார்கள்.

மதுவிலக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் அதில் பயனைவிடப் பாவம் பெரிது என அல்பகரா அத்தியாயம் உணர்த்தியது. பின்னர் போதையில் தொழுகையை நெருங்கலாகாது என அந்நிஸா அத்தியாயம் தடுத்தது. ஐந்து வேளையும் தெளிவுடன் நிற்க வேண்டியவர் எந்நேரம் குடிப்பார்? இவ்வாறு பழக்கம் சுருங்கிய பின்னரே அல்மாயிதா அத்தியாயத்தின் முழுத்தடை வந்தது. அன்று மதீனாவின் தெருக்களில் மது கொட்டப்பட்டு ஓடியது.

இனி எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிழைப்புக்காக வளைகுடா சென்று திரும்பிய நாங்கள் நால்வர், 2011 ஆம் ஆண்டு ரமலானுக்குப் பின் எங்கள் களாத் தொழுகைகளைக் கணக்கிட்டோம். ஒருவருக்குப் பத்தாண்டுக் கடன் இருந்தது. வித்ரைச் சேர்க்காமலே 18,250 வக்துகள்! மனம் பதறிற்று. இரவுதோறும் ஐந்து நாட்களின் தொழுகைகளை, அதாவது இருபத்தைந்து வக்துகளை, தொழுதுவிடுவது என்று நிய்யத் செய்தோம். பதினோரு இரவுகள் நடந்தது. பன்னிரண்டாம் நாள் களைப்பில் உறங்கி, நால்வரில் மூவர் ஸுப்ஹைத் தவறவிட்டோம். பழைய கடனை அடைக்கப் போய்ப் புதிய கடன் வாங்கியதுதான் மிச்சம்.

வெட்கத்துடன் ஹஸரத் அவர்களிடம் சென்றோம். அவர்கள் கடியவில்லை. ஒவ்வொரு ஃபர்ளுடனும் அதே வக்தின் களா ஒன்றைச் சேர்த்துத் தொழுங்கள், ஓய்வு கிடைக்கும் நாளில் கூட்டிக்கொள்ளுங்கள், ஒருபோதும் குறைக்காதீர்கள் என்று மட்டும் கூறினார்கள். ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, நாளுக்கு ஐந்து கட்டங்கள் வரைந்துகொண்டோம். முதல் இரண்டு மாதங்கள் நினைவூட்டல் தேவைப்பட்டது. பிறகு, ஸலாம் கொடுத்ததும் எழுந்து நிற்காவிட்டால்தான் ஏதோ விட்டுப்போனதாகத் தோன்றியது. 2020 ஆம் ஆண்டு பொதுமுடக்கத்தில் பள்ளிவாசல்கள் மூடப்பட்டபோது, பள்ளிக்கு வருவதையே ஒட்டியிருந்த எங்கள் வேறு சில நற்பழக்கங்கள் கலைந்தன. யாஸீன் ஓதுவது அவற்றில் ஒன்று. இன்னும் சரியாக மீளவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஃபர்ளையே ஒட்டியிருந்த களா வீட்டிலும் தொடர்ந்தது. பத்தாண்டுக் கடன் 2021 இறுதிக்குள் அடைந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

எங்களில் ஒருவர் அந்நாளைக் காணவில்லை. நான்காம் ஆண்டில் ஒரு மாலை, மஃரிபுக்குச் சற்று முன் வஃபாத்தானார். அன்றைய அஸர் கட்டத்தில் குறி இருந்தது. எஞ்சிய தொகையை ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் அவர் எழுதி வைத்திருந்தார். அவர் மகன் அந்நோட்டைக் கொண்டுவந்து, "அத்தாவுடைய மீதியை நான் தொழலாமா ஹஸரத்?" என்று கேட்டார். ஒருவரது தொழுகையை மற்றவர் தொழ இயலாது, துஆச் செய்யுங்கள், ஸதகா கொடுங்கள் என்று ஹஸரத் அவர்கள் கூறினார்கள். அதுவரை ஜும்ஆவுக்கு மட்டுமே வந்துகொண்டிருந்த அந்த இளைஞர், நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். பின்னர் நோட்டின் எஞ்சிய பக்கங்களில் தமக்குரிய கட்டங்களை வரைந்துகொண்டார்.

இவ்வாண்டு ஷவ்வாலில் சேர விரும்புவோருக்கென நிர்வாகத்தினர் நூறு நோட்டுகள் வாங்கி வைத்துள்ளனர். களா இல்லாதவர்கள் குர்ஆன் ஓதுவதற்குப் பயன்படுத்தலாம். 604 பக்க முஸ்ஹஃபில் நாளுக்கு இரண்டு பக்கம் ஓதினால் 302 நாட்களில், அடுத்த ரமலானுக்குள், ஒரு கத்தம் முடியும். எந்தத் தொழுகைக்குப் பின் ஓதுவீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். நோட்டுகள் அலுவலக மேசைமீது உள்ளன, விலை இல்லை. பேனா மட்டும் தாங்களே கொண்டுவாருங்கள், முஅத்தின் அவர்களுடையதைக் கேட்க வேண்டாம்.

வஸ்ஸலாம்.