வரைபடமும் திசைகாட்டியும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகளுக்கு ஏற்ற விளையாட்டு ஒன்றினைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். வரைபடமும் திசைகாட்டியும் துணையாகக் கொண்டு, அறியாத காட்டிலும் குன்றிலும் வழி கண்டு ஓடுவதே அது. 'ஓரியண்டீரிங்' என்பர். பொதுமக்களுக்கான முதற்போட்டி 1897-இல் நார்வே நாட்டில் நடைபெற்றது.

காட்டில் ஆங்காங்கே வெண்மையும் செம்மஞ்சளுமான கொடிகள் இருக்கும். அவற்றை வரிசைப்படி அடைந்து விரைவில் மீள்பவரே வென்றவர். நாம் பணிபுரியும் இரயில்வேயில் வண்டிக்கு வழி முன்னரே இடப்பட்டுள்ளது. இங்கோ, குன்றை ஏறிக் கடப்பதா, சுற்றிச் செல்வதா என்பதனை ஓடுபவரே முடிவு செய்தல் வேண்டும்.

வரைபடக் கலை நமக்கு அயலானதன்று. இந்தியப் பெருநில அளவைக்குரிய அடிக்கோட்டினை லாம்டன் என்பார் 1802 ஏப்ரல் 10-இல் சென்னைப் பரங்கிமலை அருகே அளக்கத் தொடங்கினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது ஏற்றுகையில் கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள அவரது கோண அளவுக் கருவி சிதைந்தது. மனந்தளராது தாமே அதனைச் செப்பனிட்டு, அளவையைத் தொடர்ந்தார். 1823-இல் இம்மராட்டிய மண்ணில், ஹிங்கன்காட்டில் உயிர் நீத்தார். தமிழகத்தில் தொடங்கிய கோடு நம்மைப்போலவே இங்கு வந்து சேர்ந்தது!

இன்று நம் இளைஞர் மழைக்காலத்தில் சிங்ககட் முதலிய மலைகளுக்குக் கைப்பேசியை நம்பிச் செல்கின்றனர். பள்ளத்தாக்கில் அலைவரிசை கிட்டாது, மின்கலமும் தீரும், மூடுபனி பாதையை மறைக்கும். அப்பொழுது எத்திசை செல்வது? பெற்றோர் நெஞ்சம் பதைக்கும் நேரமன்றோ அது! போகாதே என்று தடுப்பதினும், வழியறியக் கற்பிப்பதே நன்று.

கற்பது எளிது. வரைபடத்தைக் கிடையாக வைத்து, அதன் வடக்கும் முள்ளின் வடக்கும் ஒன்றுமாறு திருப்புக. புனேயில் மெய்வடக்குக்கும் காந்த வடக்குக்கும் வேறுபாடு மிகச் சிறிது. ஆனால் தண்டவாளமோ பிற இரும்போ அருகிருப்பின் முள் பிறழும். சமவுயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து. விலகியிருந்தால் சரிவு மென்மை. எதிரே தெரியும் குன்றையும் ஓடையையும் தாளில் கண்டு, நிற்குமிடத்தை முதலில் துணிக. பின்னரே அடி எடுத்து வைக்க.

ஆதலின், மழை ஓய்ந்ததும் ஞாயிறுதோறும் ஆண், பெண் பிள்ளைகள் இருபாலாரையும் வேதாள் டேக்டிக்கு அழைத்துச் செல்வோம். வாழ வந்த ஊரின் மேடு பள்ளங்களை அவர்கள் தம் காலாலும் கருத்தாலும் அறியட்டும்.