வயலுக்கும் வீதிக்கும் ஒரு வண்டி

அறுவடை முடிந்த வயல் ஒன்றில், முழங்கால் வரை சேறு படிந்த ஒருவர் மிதிவண்டியை விரைந்து ஓட்டி வருகிறார். செங்குத்தான மேடு ஒன்று எதிர்ப்படுகிறது. சக்கரம் உருண்டுகொண்டிருக்கும்போதே அவர் கீழே குதித்து, வண்டியைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டின்மேல் ஓடுகிறார். உச்சியை அடைந்ததும் அதனைத் தரையில் இட்டுத் தாவி அமர்ந்து மறைந்துவிடுகிறார். வண்டியின்மேல் மனிதன் ஏறிச் செல்வது உலக வழக்கு. மனிதன்மேல் வண்டி ஏறிச் செல்வதைக் காண விரும்புவோர் குளிர்காலத்தில் பெல்ஜிய நாட்டிற்குச் செல்ல வேண்டும். அங்கே இக்காட்சியைக் காண ஆயிரக்கணக்கானோர் மழையையும் பொருட்படுத்தாது வேலியோரம் நிற்பர்.

இவ்விளையாட்டுக்குச் சைக்ளோகிராஸ் என்று பெயர். பிளெமிஷ் மக்கள் தம் மொழியில் 'வெல்ட்ரைடன்' என்பர். வயலில் ஓட்டுதல் என்பது அதன் பொருள். பிறந்த இடம் பிரான்சு. அந்நாட்டுப் படையில் பணியாற்றிய தானியேல் கூசோ என்பவர் 1902இல் முதல் தேசியப் பந்தயத்தை நடத்தினார் என்று இவ்விளையாட்டின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1910இல் பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தில் வென்ற ஒக்தாவ் லப்பீஸ், தம் வெற்றிக்குக் குளிர்காலத்தில் சேற்றில் ஓட்டிப் பழகியதும் ஒரு காரணம் என்றார். அதன்பின் இவ்விளையாட்டின் புகழ் பெருகியது. 1950இல் பாரிசில் நடந்த முதல் உலகப் போட்டியில் ழான் ரொபீக் வாகை சூடினார். பின்னர் பெல்ஜியத்தின் எரிக் டி விளாமிங்க் 1966 முதல் 1973 வரை ஏழு முறை உலகப் பட்டம் பெற்றார். பெண்களுக்கான உலகப் போட்டியோ 2000ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. மிகத் தாமதம் என்றே சொல்ல வேண்டும்.

ஆயினும், நான் இன்று பேச வந்தது பந்தயத்தைப் பற்றி அன்று. பந்தயத்தில் கலந்துகொள்ளும் எண்ணமே இல்லாத ஒருவர், அலுவலகம் செல்வதற்கும் ஓய்வுநாளில் மண்பாதைகளில் திரிவதற்கும் இவ்வண்டி ஒன்றையே வைத்துக்கொள்ளலாமா என்பதே என் பொருள். மேலை நாட்டு நகரங்களில் இவ்வினாவைக் கேட்போர் பலர். மாடிக் குடியிருப்பின் சிறிய அறையில் வாழ்பவர் மூன்று வண்டிகளை எங்கே நிறுத்துவார்? வாங்கப் பணமிருந்தாலும் வைக்க இடம் இராது. ஒன்றை வாங்கினால் அது நன்றாக இருந்தாக வேண்டும்.

இந்த வண்டி ஏன் இவ்வாறு அமைந்தது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். பந்தயப் பாதையின் ஒரு சுற்று 2.5 முதல் 3.5 கிலோமீட்டர் வரை நீளும். புல், மணல், சேறு, படிக்கட்டு ஆகியவை அதில் வரும். 40 செண்டிமீட்டர் உயரத்திற்கு மிகாத பலகைத் தடைகளும் வரும். ஆண்களின் பந்தயம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்கும். எனவே, சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே தாராளமான இடைவெளி வேண்டும். இல்லையேல் சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். தோளில் தூக்க வேண்டியிருப்பதால் எடை ஏறக்குறைய 9 கிலோவுக்குள் அடங்குகிறது. பிரேக் கம்பிகளும் கியர்க் கம்பிகளும் சட்டத்தின் அடிப்பக்கத்தை விட்டு மேற்குழாயை ஒட்டிச் செல்கின்றன. சாலைப் பந்தய வண்டியின் முன்புறத்தில் 53, 39 பற்கள் கொண்ட பற்சக்கரங்கள் இருந்த காலத்தில், இதற்கு 46, 36 பற்களே வழக்கமாக இருந்தன. ஹாண்டில்பார் மட்டும் சாலை வண்டியினுடையதே. ஆட்டுக்கடாவின் கொம்பு போல் கீழ்நோக்கி வளைந்திருக்கும்.

பந்தயத்துக்காக அமைந்த இவை ஒவ்வொன்றும் அலுவலகம் செல்பவருக்கு எப்படிப் பயன்படுகிறது என்று பாருங்கள். சேற்றுக்காக விட்ட இடைவெளியில் மட்கார்டு பொருந்துகிறது. மேட்டுக்காக வைத்த சிறிய பற்சக்கரம், பை நிறைய நூல்களும் உணவும் சுமந்து எதிர்காற்றில் செல்பவரின் முழங்காலைக் காக்கிறது. ஓடுவதற்காகக் குறைத்த எடை, மூன்றாம் மாடி வரை படியேறுபவருக்கு வரமாகிறது. வளைந்த ஹாண்டில்பாரில் கைவைக்க மூன்று நான்கு இடங்கள் இருப்பதால் நெடுந்தூரத்திலும் உள்ளங்கை மரத்துப்போவதில்லை.

பெல்ஜியத்தில் ஷெல்ட் ஆற்றின் கரையில், ஔடனார்டே நகருக்கும் கெண்ட் நகருக்கும் இடையே வாழும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். முற்காலத்தில் குதிரைகள் படகுகளை இழுத்துச் சென்ற கரைப்பாதை, இப்போது மிதிவண்டிகள் செல்லும் வழவழப்பான பாதையாகியிருக்கிறது. காலையில் அதன்வழியே அவர் வேலைக்குச் செல்கிறார். மோட்டார் வண்டிகளின் இரைச்சல் இல்லை, அச்சமும் இல்லை. சனிக்கிழமை வந்ததும் அதே பாதையிலிருந்து விலகி, பண்ணைகளுக்கிடையே செல்லும் மண்வழியில் இறங்குகிறார். மழைக்காலத்தில் அங்கே ஒட்டும் சேறு. ஊர்க் குன்றுகளில் கருங்கல் பாவிய பழைய சாலைகள். அவற்றுள் கோப்பென்பெர்க் என்னும் குன்றுச் சாலை, மிகச் செங்குத்தான இடத்தில் 100 அடிக்கு 22 அடி ஏறுகிறது. அதனை ஒட்டிய வயல்களில்தான் நவம்பர் முதல் நாளன்று புகழ்பெற்ற சைக்ளோகிராஸ் பந்தயம் நடக்கும். மெல்லிய டயர் கொண்ட சாலை வண்டி அந்த மண்வழியின் முதல் வளைவிலேயே வழுக்கிவிடும். மலைப்பாதைக்கான தடித்த டயர் வண்டியோ கரைப்பாதையில் வீண் உழைப்பை வாங்கும். நம் நண்பரின் வண்டி இரண்டுக்கும் இடைப்பட்டது.

இடைப்பட்டது என்று சொல்லும்போதே அதன் குறையையும் சொன்னவனாகிறேன். குறைகளுள் முதன்மையானது டயர். பந்தய விதியின்படி அதன் அகலம் 33 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. சேற்றைக் கவ்வும் பொருட்டு அதன் மேற்பரப்பில் ரப்பர்ப் புடைப்புகள் இருக்கும். தார்ச்சாலையில் இவை வண்டு போல் ரீங்காரம் செய்யும், விரைவில் தேயும். அதுவாவது பொறுக்கத்தக்கது. ஈரமான சாலையில் வேகமாகத் திரும்பும்போது புடைப்புகள் வளைந்து கொடுத்து நழுவுவதுதான் பொறுக்கத்தகாதது. இதற்கு இரண்டு சோடிச் சக்கரங்கள் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பூட்டுவோர் உண்டு. என் கருத்தில், நாள்தோறும் ஓட்டுபவருக்கு அது நடவாத காரியம். நடுவில் அரத்தின் பரப்பைப் போல் நெருங்கிய மென்வரிகளும் ஓரங்களில் மட்டும் புடைப்புகளும் கொண்ட டயர் ஒன்று போதும். வேறுபாட்டைக் காற்றால் உண்டாக்கிக்கொள்ளலாம். நடுத்தர உடலுள்ளவர் சாலைக்குச் சதுர அங்குலத்துக்கு 55 பவுண்டு அளவில் காற்றடைத்து, டியூப் இல்லாத டயரானால் சேற்றுக்கு அதனை 30க்கு அருகே இறக்கிவிடலாம். டியூப் உள்ள டயரை அவ்வளவு தளர்த்தினால் கல்லில் மோதி டியூப் கிள்ளப்பட்டு ஓட்டையாகும்.

அடுத்தது பிரேக். உயிர் பற்றிய செய்தியாதலால் இதனைச் சற்று விரித்துரைக்க நேயர்கள் இடந்தர வேண்டும். பழைய சைக்ளோகிராஸ் வண்டிகளில், சக்கரத்தின் இருபுறமும் கைகளைப் போல் விரிந்து நின்று ரிம்மைப் பற்றும் பிரேக்குகளே இருந்தன. சேறு அடைக்காது என்பதே அவற்றின் சிறப்பு. நிறுத்தும் ஆற்றல் சிறிதே. மழைநாளில் ரிம் நனைந்துவிட்டால், பிரேக் கட்டை முதலில் நீரைத் துடைத்து அதன்பிறகே பிடிக்கும். அந்த இடைநேரத்தில் வண்டி பல அடி சென்றுவிடும். பந்தயத்தில் எதிரே வருவது புல்மேடு. நகரச் சந்தியில் எதிரே வருவது பேருந்து. மேலும், சேற்றிலுள்ள மணல் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே அரம்போல் வேலை செய்து ரிம்மையே தேய்த்துவிடும். பன்னாட்டு மிதிவண்டிச் சங்கம் 2010இல் சைக்ளோகிராஸ் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை அனுமதித்தது. அச்சின் அருகே உள்ள இரும்புத் தட்டை இது பற்றுவதால் நீரும் சேறும் அவ்வளவாகத் தாக்குவதில்லை. பந்தயக்காரருள் சிலர் எடை கூடுகிறதென்று தொடக்கத்தில் தயங்கினர். அலுவலகம் செல்பவர் தயங்க வேண்டுவதில்லை. அடிக்கடி மழை பெய்யும் ஊரில் பழைய பிரேக் உள்ள வண்டி பாதி விலைக்குக் கிடைத்தாலும் நான் அதனைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பராமரிப்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. சேறு மிகுந்த நாளில் பந்தயக்காரர் அரைச் சுற்றுக்கு ஒருமுறைகூட வண்டியை மாற்றிக்கொள்வார். அழுக்கு வண்டியை வாங்கிக் கழுவி, எண்ணெயிட்டு, மீண்டும் நீட்டுவதற்கு ஆள் காத்திருப்பார். நமக்கோ ஒரே வண்டி. கழுவும் ஆளும் நாமே. சேற்றோடு விடப்பட்ட செயின் சில மாதங்களில் நீண்டு, பற்சக்கரங்களையும் தின்றுவிடும். கழுவும்போதும் விசையோடு பீறிடும் நீரை அச்சுகளின்மேல் நேரே பாய்ச்சலாகாது. உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறிவிடும். ஒரு வாளி நீர், பழைய துணி, சிறிது எண்ணெய், அரைமணி நேரம். அந்த அரைமணி நேரத்தை விரும்பாதவர் மண்வழிக்குச் செல்லாதிருப்பதே நலம்.

நம் நாட்டுக் கறுப்பு வண்டியும் வயல் வரப்பிலும் நகர வீதியிலும் ஓடுவதுதானே என்று சிலர் கேட்கக்கூடும். உண்மை. பால் பாத்திரமும் இளநீர்க் குலையும் சுமந்து அது செல்லாத வழி இல்லை. ஆனால் ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள அதனைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுவதற்குப் பீமசேனன் வர வேண்டும். இரண்டையும் 28 அங்குலச் சக்கரம் என்று அழைப்பதில் ஒரு குழப்பமும் உண்டு. நம் கறுப்பு வண்டியின் ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர். ஐரோப்பாவில் 28 அங்குலம் எனப்படும் இவ்வண்டியினுடையது 622. பெயரை நம்பி டயர் வாங்கினால் ஒன்று மற்றொன்றில் பொருந்தாது.

2010க்குப் பின்வந்த ஆண்டுகளில் சரளைப் பாதைக்கென்றே வேறொரு வகை வண்டி பரவியது. தோற்றத்தில் இதன் உடன்பிறப்பு. ஆனால் 40 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள டயர் ஏற்பது, சற்று நீண்டு நிதானமாகச் செல்வது. புதிதாக வாங்குபவர் அதனையே நாடுவதில் தவறில்லை. ஆனால், நன்றாகப் பேணப்பட்ட பழைய சைக்ளோகிராஸ் வண்டி குறைந்த விலைக்குக் கிடைக்குமானால் அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. சுறுசுறுப்பில் அதுவே மேல். இத்தகைய வண்டி எதுவுமே இல்லாமல், சாதாரணச் சுற்றுலா மிதிவண்டியைக் கொண்டே மலைத்தடங்களைக் கடந்தவர்களும் உண்டு. அவர்கள் 1955இல் இங்கிலாந்தின் லெம்ஸ்டர் நகரில் ஒரு கழகமே கண்டனர்.

வாங்கும்போது கடையிலேயே சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். பின் அச்சின் அருகிலும் முன் கவையிலும் மட்கார்டும் காரியரும் திருகிப் பூட்டுவதற்குத் துளைகள் உள்ளனவா என்பது முதல் கேள்வி. பந்தயத்துக்கென்றே செய்த சட்டங்கள் பலவற்றில் அவை இரா. மட்கார்டு பூட்டினால் டயருக்கும் அதற்கும் இடையே ஒரு விரலளவு இடம் மிஞ்ச வேண்டும். சிறு கல் ஒன்று அங்கே சிக்கி முன்சக்கரம் நின்றால், ஓட்டுபவர் தலைகீழாக விழுவார். மண்வழிக்குப் புறப்படும் சனிக்கிழமைகளில் அதனைக் கழற்றி வைத்துவிடுவதே நன்று. இறுதியாக, சீட்டில் அமர்ந்து ஒரு பெடலை முன்னே கொண்டுவந்து ஹாண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள். சிறிய அளவுச் சட்டங்களில் செருப்பின் நுனி முன்சக்கரத்தில் உரசக்கூடும். மட்கார்டும் சேர்ந்துவிட்டால் உரசல் இன்னும் மிகும். உரசினால், அடுத்த அளவு வண்டியை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.